சௌ சால் புரானா: தில்லியில் பழங்குடிக் கலைப்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழர் வீடுகளில் ஒரு வருடத்துக்குள் இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்துவிடும். ஒன்று ரூம் ஹீட்டர். இன்னொன்று, ஹாலில் வைக்க, பித்தளையில் வார்த்த ஒரு டோக்ரா யானையோ, மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடியினர் வரையும் ஓவியமோ. ஹீட்டர் வாங்கும்போது நட்சத்திரக் குறி, வாரண்டி எல்லாம் பார்ப்போம். யானை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் ஒரு மரமணி வாங்கினேன். சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் மாட்டின் கழுத்தில் கட்டுவது. உள்ளே தொங்கும் நாக்கும் மரம்தான். "சௌ சால் புரானா ஹை" என்றார் கடைக்காரர். நூறு வருடப் பழசாம். கன்னங்கரேலென்று, எண்ணெய் ஏறிய மாதிரி மினுமினுத்தது. 2,500 ரூபாய் கொடுத்தேன். மாட்டுப் பொங்கலன்று பூஜையில் வைக்கலாமே என்று ஈரத்துணியால் துடைத்தபோது துணி காப்பிப்பொடி நிறமானது. மோந்து பார்த்தால் செருப்பு பாலிஷ் வாடை.

அப்புறம்தான் மணியை ஒழுங்காகப் பார்த்தேன். கயிறு கோக்கும் துளையின் விளிம்பு நேற்றுத் துளைத்ததுபோல் கூராக இருந்தது. வருடக்கணக்காகத் தொங்கிய மணி என்றால், பாரம் தாங்கும் மேல் விளிம்பு தேய்ந்து பள்ளமாகியிருக்க வேண்டும், கிணற்றடிக் கல்லில் கயிறு அறுத்த தடம் மாதிரி. உள்ளே நாக்கு அடித்த வடுவும் இல்லை. அந்த மணி ஒரு நாள்கூட ஒலித்ததில்லை.

அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போது என் பையில் மூன்று பொருள் இருக்கும்: வெள்ளைக் கைக்குட்டை, சின்ன பூதக்கண்ணாடி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தம். இவற்றோடு செல்போன் டார்ச்சும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருப்பது.

"விற்பதற்காகச் செய்தது" என்றால் போலியா?

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்தது எல்லாம் போலி, கிராமத்தில் பயன்படுத்தியது மட்டும் அசல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் விற்பதற்குத்தான் நெய்கிறார். அதனால் அது போலிப் பட்டு ஆகிவிடுமா? மின்தறியில் பாலியஸ்டர் நூலில் ஓட்டி, காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்றால்தான் போலி.

கோண்டு ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்திலும் கேன்வாஸிலும் நாம் பார்க்கும் கோண்டு ஓவியத்துக்கு நாற்பது வருடத்துக்குச் சற்று மேல்தான் வயது. 1982இல் போபாலில் பாரத் பவன் கலை மையம் திறக்கப்பட்ட சமயத்தில், அங்கே ஓவியர் ஜே. சுவாமிநாதன் பொறுப்பில் இருந்தார். சிம்லாவில் பிறந்து, தில்லியில் வேரூன்றிய தமிழர், நம்மவர்தான். அவர் அனுப்பிய குழு மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் கிராமத்துச் சுவர்களில் ஓர் இளைஞர் வரைந்திருந்ததைக் கண்டு அவரைப் போபாலுக்கு அழைத்து வந்தது. அவர்தான் ஜங்கட் சிங் ஷ்யாம். பிரதான் கோண்டு சமூகத்தவர்; பரம்பரையாகப் பாணா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக் கதை பாடுகிறவர்கள். மண்சுவரிலிருந்து காகிதத்துக்கு அந்தக் கலை வந்ததே நகரத்துக்காகத்தான். அதைப் போலி என்று சொல்ல எவருக்கும் துணிச்சல் வராது.

ஆகவே பொருளை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். தங்கள் வீட்டுக்கும் சாமிக்கும் செய்து, பயன்படுத்திய பழைய பொருள். இது தில்லிக் கடைத்தெருவில் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் நம் பட்ஜெட்டில் வராது. அந்தச் சமூகத்துக் கைகளே சந்தைக்காகச் செய்தது. நாம் வாங்க வேண்டியது இதைத்தான். மூன்றாவது, அச்சிலோ இயந்திரத்திலோ செய்து பழங்குடிப் பெயர் ஒட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஏமாற்று அதிகம் நடப்பது இரண்டாவதை முதலாவது என்று சொல்லி விற்பதில்தான். பொருளில் பொய் இல்லை, கூடவே வரும் கதையில்தான்.

முதல் ஞாயிறு: ஒன்றும் வாங்காதீர்கள்

பைரோன் மார்க்கில் இருக்கும் தேசியக் கைவினை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நீல வழித்தட மெட்ரோவில் சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். பழைய ஆள்கள் இன்னும் பிரகதி மைதான் என்றுதான் சொல்வார்கள். திங்கள் விடுமுறை. கட்டடம் சார்லஸ் கொரியா வடிவமைத்தது. முற்றம் முற்றமாக நடந்துபோகலாம், அவசரமே வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது அழகை மட்டுமல்ல, தேய்மானத்தை. கை படும் இடம் எப்படி வழவழப்பாகிறது, கை படாத மூலையில் அழுக்கு எப்படித் தங்குகிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள்.

நேரமிருந்தால் ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோவின் நடன மங்கை அங்கேதான் இருக்கிறாள். உயரம் வெறும் 10.5 செ.மீ. அவளும் மெழுகு வார்ப்பில் பிறந்தவள் என்பதால், டோக்ரா விற்பவர்கள் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லித்தான் வியாபாரம் ஆரம்பிப்பார்கள். நேரில் பார்த்து வைத்தால் பேச்சில் மயங்க மாட்டீர்கள்.

டோக்ரா: நூலைப் பாருங்கள்

சுவாமிமலையில் விக்கிரகம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு டோக்ரா பாதி தெரிந்த விஷயம். இரண்டும் மெழுகு வார்ப்புதான். சுவாமிமலையில் மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவார்கள்; விக்கிரகம் கெட்டியாக, கனமாக வரும். டோக்ராவில் முதலில் களிமண்ணில் ஒரு கரு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, சிறு துளை வழியே இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்து நூலாக்கி, அந்த நூலைக் கருவின் மேல் சுற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். அதற்குமேல் மெல்லிய மண், பிறகு தடித்த மண். சூளையில் மெழுகு உருகி வெளியேறும். அந்த இடத்தில் பித்தளை உருகி இறங்கும். ஆறியதும் மண்ணை உடைத்தெடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு பொருள்தான். கணக்கு அவ்வளவுதான், சோதனைகள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

பூதக்கண்ணாடியில் யானையின் வயிற்றைப் பாருங்கள். கையால் சுற்றிய நூல் என்றால் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். ஒரு நூல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சின்ன முடிச்சுபோல் ஒரு மேடு இருக்கும். நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அடியில் கறுப்பு இடைவெளி தெரியும். அச்செடுத்த நகலில் நூல் நூலாகவே இருக்காது. பித்தளையில் கீறிய கோடு மாதிரி, ஓரமெல்லாம் மழுங்கி, வெண்ணெயில் கத்தி வைத்ததுபோல் இருக்கும். முதுகிலோ காலின் உள்பக்கத்திலோ மேலிருந்து கீழே நேராக ஓர் இணைப்புக் கோடு ஓடினால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஜோடி சோதனை. "இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா? பரிசு கொடுக்க வேண்டும்" என்று கேளுங்கள். கடைக்காரர் சந்தோஷமாக எடுத்து வைப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துதிக்கையின் அதே வளைவில், அதே நூலில், அதே பிசிறு இரண்டிலும் இருந்தால் இரண்டுக்கும் தாய் ஒரே அச்சு. உண்மையான டோக்ரா இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒருபோதும் இரட்டையராக இருக்காது.

காலுக்கடியிலோ வயிற்றுக்கடியிலோ துளை இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். சுட்ட மண் செம்மையும் கறுப்புமாக உள்ளே ஒட்டியிருக்கும். விரல் நீளத்துக்குள் இருக்கும் சின்ன உருவங்களில் கரு இல்லாமலும் செய்வதுண்டு, ஆகவே மண் இல்லை என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டாம். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு, மேலே பூச்சு. பஸ்தரில் இரும்பில் அடித்துச் செய்யும் மான்களும் விளக்குகளும் தனிக் கலை. அவை கொல்லர் வேலை, காந்தம் ஒட்டத்தான் செய்யும். அவற்றை டோக்ரா என்று சொல்லி விற்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று: பஸ்தரில் வார்ப்பவர்கள் கட்வா எனப்படும் கைவினைச் சமூகத்தினர், காலங்காலமாக அதை வாங்கிச் சாமிக்கு வைத்தவர்கள் முரியா, மாரியா கோண்டுகள். செய்கிறவர் வேறு, கும்பிடுகிறவர் வேறு. "கோண்டு ஆதிவாசி தன் கையால் வார்த்தது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் ஊர்ப்பக்கம் போனதில்லை என்று அர்த்தம். பஸ்தரின் கொண்டகாவ், வங்காளத்தின் பிக்னா, தரியாபூர், தெலங்கானாவின் உஷேகாவ் என்று ஊர்ப்பெயர் சொல்கிறாரா பாருங்கள். பளபளவென்று புதிதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். புதிது புதிதாகத்தானே இருக்க வேண்டும்! பச்சைப் பாசி பூசிப் பழசு காட்டும் டோக்ராதான் பயப்பட வேண்டியது. நகத்தால் சுரண்டினால் அந்தப் பச்சை மாவாக உதிரும்.

ஓவியங்கள்: சாய்த்துப் பாருங்கள்

கோண்டு ஓவியத்தில் முதலில் உருவத்தை வண்ணத்தால் நிரப்பிவிட்டு, அது காய்ந்த பிறகு மேலே நுணுக்கமான கோடு, புள்ளி, செதில், விதை என்று நிரப்புவார்கள். ஒவ்வொரு ஓவியருக்கும் தனக்கென்று ஒரு நிரப்பு வடிவம் உண்டு. அதுதான் அவர் கையெழுத்து. மூலையில் போடும் கையெழுத்து அப்புறம்தான். தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் ஒரு பெண் மீனை நிரப்பிக்கொண்டிருந்ததை அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன். வால் பக்கத்தில் தொடங்கி, பிறை பிறையாக, மூச்சு விடும் தாளத்தில் போட்டுக்கொண்டே வந்தார். சாயம் குறைந்ததும் பிறைகள் வெளிறும். தூரிகையைத் தோய்த்ததும் மறுபடி அடர்ந்து எழும். இந்த ஏற்ற இறக்கம்தான் நமக்குச் சாட்சி.

படத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்க்காமல், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். அக்ரிலிக் புள்ளி மேடாக எழுந்து வெளிச்சத்தைப் பிடிக்கும். அச்சில் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் அச்சின் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். பழைய பத்திரிகைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அச்சடித்த படத்தின்மேல் நாலு இடத்தில் கையால் புள்ளி வைத்துக் கொடுக்கிற தந்திரமும் உண்டு, அதனால் ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அக்ரிலிக் பயன்படுத்தியது குற்றமில்லை. இப்போது பெரும்பாலும் அதுதான். "செடி கொடியிலிருந்து எடுத்த இயற்கை வண்ணம்" என்று சொல்லிக்கொண்டே பளீர் ஊதாவைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வார்லி தனி. மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கத்து வார்லிகளிடையே கல்யாண வீட்டுச் சுவரில் சுமங்கலிப் பெண்கள் வரைந்த சடங்குக் கோலம் அது; செம்மண் சுவர், அரிசி மாவு, நுனி மென்ற மூங்கில் குச்சி. மாக்கோலம் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1970களில்தான் அது காகிதத்துக்கு வந்தது. வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மஷே அதை உலகத்துக்குக் கொண்டுபோனார். குச்சியால் இழுத்த கோடு ஒரே தடிமனில் இருக்காது. இதில் போலி பிடிக்கச் சுலபமான வழி, வட்டமாக ஆடுகிறவர்களை எண்ணுவது. ஒரே இடுப்பு வளைவு, ஒரே கால் கோணம் மூன்றாவது ஆளிலும் ஏழாவது ஆளிலும் அச்சு அசலாக வந்தால் அது ஸ்டென்சில். குஷன் உறையில் அப்படி இருந்தால் தப்பில்லை. குஷன் உறை விலைக்கு வாங்குங்கள்.

துணி: திருப்பிப் பாருங்கள்

நாகா சால்வையில் ஒரே ஒரு சோதனை போதும். இடுப்பில் கட்டி நெய்யும் தறி அகலம் குறைந்தது, ஆகவே முழுச் சால்வையும் இரண்டு மூன்று பட்டைகளாக நெய்து சேர்த்துத் தைத்ததாக இருக்கும். தையல் தெரியாமல் ஒரே அகலத் துணியாக, அக்ரிலிக் நூலில் இருந்தால் அது மின்தறி வேலை.

நம் நீலகிரித் தோடர் பூவேலையும் தில்லி மேளாக்களில் வரும். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். சட்டம் மாட்டாமல், முன்கூட்டி வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள். அதுவும் துணியின் பின்புறத்திலிருந்து. தையலைப் பார்த்தால் நெசவிலேயே வந்த மாதிரி இருக்கும். திருப்பினால் வெள்ளை நூல் வலைப்பின்னலாக, காகித அட்டை ஒட்டி இருந்தால் இயந்திரம். ஊட்டிப் பொருளைத் தில்லியில் வாங்குகிறோமே என்று வெட்கப்படாதீர்கள், ஊட்டியிலும் இதே சோதனையைத்தான் செய்ய வேண்டும்.

மரப்பொருளுக்கு மேலே சொன்ன மணிக் கதையே பாடம். கைக்குட்டையை எச்சில் தொட்டு அடியில் தேய்த்துப் பாருங்கள், அவ்வளவுதான். புழு அரித்த துளை உள்ளே வளைந்து போகும்; துரப்பணம் போட்டது நேராகப் போகும். அதில் குண்டூசியை விட்டுப் பார்க்கலாம்.

யாரிடம், என்ன கேட்பது

ஐஎன்ஏ மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கப் போகிறீர்கள் அல்லவா, எதிரிலேயே தில்லி ஹாட். 1994இலிருந்து நடக்கிறது, கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் கடை ஒதுக்குவார்கள். அதனால் ஒரே கடையில் அடுத்த மாதம் வேறு ஆள் இருப்பார். பழங்குடியினர் கூட்டுறவு அமைப்பான டிரைஃபெட், மகாதேவ் ரோட்டில் டிரைப்ஸ் இந்தியா கடையை 1999இல் திறந்தது. பாபா கடக் சிங் மார்க்கில் மாநில எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன. பிப்ரவரியில் சூரஜ்குண்ட் மேளா. இங்கெல்லாம் கொஞ்சம் தெம்பாகப் போகலாம். ஆனால் இடம் நல்லது என்பதற்காகக் கைக்குட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்தி சரளமாக வராதவர்களுக்கு மூன்று கேள்வி போதும். "யே கிஸ்னே பனாயா?" (யார் செய்தது), "கௌன் ஸா காவ்?" (எந்த ஊர்), "கித்னே தின் லகே?" (எத்தனை நாள் ஆயிற்று). செய்தவரோ அவர் குடும்பமோ என்றால் மூன்றாவது கேள்விக்குப் பதில் நிற்காமல் வரும்: மழைக்காலத்தில் மண் காயாது, போன சூளையில் பாதி வெடித்துவிட்டது, மெழுகு விலை ஏறிவிட்டது என்று புலம்பலாக வரும். அந்தப் புலம்பலைவிட நல்ல சான்றிதழை நான் பார்த்ததில்லை. வியாபாரி என்றால் "ஆதிவாசி லோக் பனாதே ஹை" (பழங்குடி மக்கள் செய்கிறார்கள்) என்பதோடு முடித்துக்கொள்வார். வியாபாரியிடம் வாங்குவது தப்பில்லை. செய்தவர் பெயரைக் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கைவினைஞர் என்றால் கைவினை ஆணையரகம் தரும் பெஹ்சான் (அடையாள) அட்டை வைத்திருப்பார். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார். மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு கலையின் பெயருக்குத்தான் காவல். கையிலிருக்கும் படத்துக்கு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உத்தரவாதம் தராது. பேரம் பேசுவதில் ஒரு வார்த்தை: செய்தவரே உட்கார்ந்திருந்தால், நாள் கணக்கைக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறவுங்கள்.

"நூறு வருடம்" என்றால் சட்டம் வரும்

"சௌ சால் புரானா" என்று இனி யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள கலைப்பொருள் தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. ஆகவே நிதானமாக, "அப்படியா? உரிமம் காட்டுங்கள், வயதைப் பில்லில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த நிமிடம் அந்தப் பொருளுக்கு எண்பது வயது குறைந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள், புதிய பொருள், செய்த வருடம் இன்னது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் வாக்குவாதம் குறையும்.

இருவாட்சி அலகு, யானைத் தந்தம், புலி நகம், கரடித் தோல் எதையும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்குகிறவருக்கும் தண்டனை உண்டு. அருணாசலத்தின் நிஷி மக்கள் தலைப்பாகையில் இருவாட்சி அலகு வைப்பது மரபு. பறவையைக் காப்பாற்ற வேண்டி, அவர்களில் பலர் இப்போது ஃபைபர் அலகுதான் வைக்கிறார்கள். "இது பிளாஸ்டிக் சார், போலி" என்று உதறாதீர்கள். இந்த ஒரு பொருளில் மட்டும், போலி அலகுதான் அவர்களே அணிவது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு விஷயம். டோக்ராவைத் துடைக்கக் காய்ந்த, மென்மையான பிரஷ் போதும். புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை. கொலுவுக்கு முதல் நாள் அத்தை கொண்டகாவ் யானையைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். நூல்களுக்கு நடுவே சிக்கிய புளிச் சக்கையைத் தையல் ஊசியால் கிளறி எடுப்பதற்குள் நவராத்திரி முடிந்து, பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும் நாள் வந்துவிட்டது.